தண்ணீர் குடிக்காத கமெராக்காரியும் ஓர் உப்புவெளியும்

கமெராத் தொழிலில் முதலில் தேய்வது முழங்கால், அடுத்தது பொறுமை. எனக்கு இரண்டாவது ஆரம்பத்திலேயே குறைவு. வார இறுதி முழுக்கக் கனடாவின் ஸ்காபரோ மண்டபங்களில் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு என்று படம் பிடித்துவிட்டு, திங்கட்கிழமை வீட்டில் உடுப்பு மடிக்கிற சகோதரிகளே, கேக்கையும் சேலைக்கரையையும் விட்டால் உலகத்தில் வேறொன்றும் இல்லையா என்று உங்களுக்கும் வெறி பிடித்திருக்கும். எங்கள் புகைப்படக் குழுவின் கண்காட்சியில் வாசலுக்கு நேரே இருக்கிற பெரிய சுவரில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம். அது எப்போதும் ஆண்கள் எடுத்த கழுகுக்கோ அருவிக்கோ போகும். என் மணப்பெண்கள் வோஷ்றூமுக்குப் போகிற வழியில் தொங்குவார்கள். இந்த முறை அந்தச் சுவரை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

யன்னலுக்கு வெளியே

குழு கலிபோர்னியாப் பாலைவனத்துக்குப் போவதாக இருந்தது. கடல்மட்டத்துக்கும் கீழே ஒரு பள்ளம். சுற்றிலும் மலை. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுவைக்கும். காலங்காலமாக இதே வேலை. இந்த முறை மழை நன்றாகப் பெய்ததால் உப்பின்மேல் கணுக்கால் நனையாத அளவுக்குத் தண்ணீர் நிற்கிறதாம். காற்றில்லாத விடியலில் மலை முழுக்கத் தலைகீழாகத் தெரியுமாம்!

இதையெல்லாம் அகப்பையை ஆட்டி ஆட்டி என் கணவருக்கு விளக்கினேன். அது பெப்ரவரி மாதம். அவர் ஸ்னோ ஒட்டிய பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "வெள்ளை வெளிதான் பாக்கவேணுமெண்டால் அந்தத் திரையை விலத்தும். ட்ரைவ்வே முழுக்கக் கிடக்கு, வழிக்க ஆளில்லாமல்."

சாம்பல் உப்பு

ஏப்ரலில் போனோம். நடுப்பகலில் வான் வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரும் படம் சுடத் தொடங்கினார்கள். எல்லோருடைய உப்பும் அழுக்கு வேட்டி நிறத்தில் வந்தது. இவ்வளவு வெள்ளையைக் கண்டால் கமெரா பயந்து படத்தை இருட்டாக்கிவிடும். நான் ஒளியைக் கூட்டிவைத்து எடுத்தேன். உப்பு உப்பாகவே வந்தது. குழுத் தலைவர் பாலா அண்ணை என் கமெராவை எட்டிப் பார்த்தார். "ஸ்னோவுக்குள்ளை பொம்பிளை மாப்பிளையை நிப்பாட்டிப் பழகின கையெல்லோ!"

வியர்க்காத வெயில்

ரொறொன்ரோ யூலை வெயிலில் பஸ்ஸுக்கு நின்றாலே முதுகு நனைந்துவிடும். இங்கே ஒரு பொட்டு வியர்வை இல்லை. இது என்ன வெயில் என்று ஏளனமாக நடந்தேன். மழைமேகத்தை மலைகள் அந்தப் பக்கமே மறித்துவிடுவதால் காற்றில் ஈரம் கிடையாது என்பதும், சூடான காற்று மேலே எழும்பி ஆறாமல் திரும்பவும் அதே குழிக்குள் இறங்கி இன்னும் சூடாகும் என்பதும் எனக்குத் தெரியும். வாசித்துக்கொண்டுதான் போனேன். வாசித்தது உடம்புக்குத் தெரியவேண்டுமே!

சேலையோடு மண்டபத்தில் நிற்கிற கமெராக்காரி தாலி கட்டி முடியும்வரை தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் வோஷ்றூம், வோஷ்றூமுக்குப் போனால் தாலிகட்டுப் படம் போய்விடும். உங்களுக்கும் இந்தப் பழக்கம் இருக்கும், மறைக்காதீர்கள். இங்கேயோ ஒதுங்க ஒரு பற்றைச்செடிகூட இல்லை. காலையிலிருந்து போத்தலைத் திறக்கவேயில்லை. திடீரென்று மலைகள் ஆடின; கமெராவைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே உப்பில் உட்கார்ந்துவிட்டேன். என்னோடு அறையில் தங்கியிருந்த றிஸ்வானா ஓடிவந்து தூக்கினாள். அஜின்கோர்ட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவள். "வேர்க்கவேயில்லையே" என்று முனகினேன். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக் காட்டினாள். கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. வெளியே வந்த வியர்வையை வந்த கையோடு காற்றுக் குடித்திருக்கிறது.

"வேர்க்கல்லயா? அக்கா, இந்தச் சட்டையில காஞ்சு கிடக்கிற உப்புல ஒரு சட்டி கறி ஆக்கலாம்!"

வானுக்குள் இருக்கச் சொன்னார்கள்

மறுநாள் விடியல்தான் எங்களுக்குக் கிடைத்த ஒரே விடியல். அதன்பிறகு காற்று எழும்பும் என்றார்கள், எங்களுக்கும் விமானம். பாலா அண்ணை கட்டளை போட்டார்: நான் வானுக்குள் ஏசியில் இருக்கவேண்டும். என் சுவர் கண்ணுக்கு முன்னால் கழுகுக்குப் போனது. கொன்வென்ற்றில் படித்த அத்தனை மரியாதையையும் சேர்த்து வாதாடினேன். மரியாதை தீர்ந்ததும் கத்தினேன்.

காப்பாற்றியது றிஸ்வானா. கடற்கரையில் உடுப்பு மாற்றுகிற மடிப்புக் கூடாரமும் ஒரு மூடி வாளியும் கொண்டுவந்திருந்தாள். கூடாரத்தை வானுக்குப் பின்னால் விரித்து, ஒதுங்குகிற இடம் இதுதான் என்று காட்டினாள். பாலா அண்ணை வெட்கத்தில் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டு, பெரிய போத்தலை என்னிடம் நீட்டினார்: "இனிச் சாட்டுச் சொல்லேலாது. என்ரை கண்ணுக்கு முன்னாலை குடியும், பிள்ளை. குடிச்சால்தான் கமெரா!"

மலை தலைகீழாக

குடித்தேன். நடந்தேன். காலடியில் உப்பு அப்பளமாக நொறுங்கியது. பிறகு தண்ணீர்! அடியில் தேன்கூட்டைப் போலக் கட்டம் கட்டமாக உப்பு வரம்புகள். முக்காலியை ஊன்றினேன். மலையுச்சி சிவந்தது, நொடியில் இன்னொரு மலை கீழேயும் சிவந்தது. வானம் காலுக்குள் கிடந்தது! எடுத்தேன், எடுத்தேன், எடுத்தேன். கன்னத்தில் மெல்லிய காற்றுப் பட்டது. கீழிருந்த மலை துண்டு துண்டாக உடைந்து போனது. அதற்குள் எல்லாம் என் கமெராவுக்குள். பக்கத்தில் றிஸ்வானா, "அக்கா, இப்ப மூச்சு விடுங்க. நீலமாப் போறீங்க."

பெரிய சுவர்

கிடைத்தது! கண்காட்சி வாசலுக்கு நேரே, ஆளுயரத்தில். பாலா அண்ணையின் கழுகு வோஷ்றூம் வழிக்குப் போனது. நான் சுவருக்குப் பக்கத்தில் காவல் நின்றேன். மழை, மலை, உப்பு, வெக்கை என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு. என்னிடம் மகளின் சாமத்தியவீட்டு அல்பம் செய்யக் கொடுத்திருந்த ஒரு தாய் வந்தா. முழுவதையும் பொறுமையாகக் கேட்டா. பின்னுக்குப் போய், முன்னுக்கு வந்து, படத்தைப் பார்த்தா. கண் கலங்கியமாதிரிக்கூட இருந்தது.

"சரியான வடிவு, அக்கா. பிள்ளையின்ரை அல்பத்துக்கு உந்தப் படத்தையே பின்னுக்குப் போடுங்கோ. தண்ணிதான் வெறுமையாக் கிடக்கு, ரெண்டு அன்னத்தை விட்டுவிடுங்கோ."

சூரியனும் மலையும் காலங்காலமாகப் பாடுபட்டு உயிரொன்றும் அண்டாமல் வைத்திருந்த வெளியில் நான் கணினி முன் உட்கார்ந்து இரண்டு அன்னங்களைக் குடிவைத்தேன். வாடிக்கையாளரின் ஆசைக்கு முன்னால் பாலைவனத்து வெக்கை எம்மாத்திரம்!