மூன்றாம் தண்ணீரும் ஒரு தட்டுக் கடல்பாசியும்

கொப்புளம் வெடித்த நாக்கின் மேல் ஒரு துண்டுக் கடல்பாசியை வைத்தால் முதலில் சில்லென்றிருக்கும், பிறகு வழுக்கும், பல் படுவதற்குள் இரண்டாக உடைந்து தொண்டைக்குள் இறங்கிவிடும். இளநீரின் லேசான இனிப்பு மட்டும் வாயில் கொஞ்ச நேரம் தங்கும். சோறு எரிந்தது, மோர் எரிந்தது, வெறும் தண்ணீரே எரிந்தது. எனக்கு அம்மை போட்டிருந்த அந்தச் சித்திரை மாதத்தில் நான் அழாமல் விழுங்கிய ஒரே பொருள் அதுதான்.

எனக்கு ஒன்பது வயது. தொண்டாமுத்தூருக்கு மேற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், என் தம்பி, அப்பாவின் அக்காள், இவ்வளவு பேர்தான். என் முதுகில் முதல் கொப்புளத்தைப் பார்த்தவர் அந்த அத்தைதான். பார்த்த மாத்திரத்தில் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, "ஆத்தா வந்திருக்கறா" என்றார். அன்றைக்கே வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது, வீட்டின் கதவு உலகத்துக்குச் சாத்தப்பட்டது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது, வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது, பட்டறை வேலைக்குக்கூட அப்பா போகவில்லை. தலை சீவக்கூடாது, வறுக்கக்கூடாது, தாளிக்கவே கூடாது. "தாளிச்சா எண்ணெய் ஆத்தா மேல தெறிக்கும்" என்பது அத்தையின் வாக்கு. கவிச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபிரிட்ஜில் இருந்த முட்டைகளை அத்தை வேலையாளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, முட்டை வைக்கும் குழிகளை மஞ்சள் தண்ணீரால் கழுவினார். யானை வராமலிருக்க அப்பா தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த கம்பிவேலி, அந்த மாதம் முழுக்க எங்களை உள்ளே வைத்துக் காவல் காத்தது. பாலும் காய்கறியும் கேட்டுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் வந்து இறங்கும், வைத்தவர் நகர்ந்து போன பிறகு அப்பா போய் எடுத்து வருவார்.

எனக்கு அரிப்புத்தான் பெரிய கவலை. அம்மாவுக்கு வேறொரு கவலை இருந்தது, அது வைகாசியில் வரவிருந்த என் மாமாவின் கல்யாணம். அம்மாவின் ஊர் காரமடை, கூடப்பிறந்தவர் அந்த ஒரே தம்பி. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிக்கென்று 'இணைச்சீர்' ஒன்று உண்டு. பெண்ணுக்கான கூறைச்சேலையை மூங்கில் பேழையில் வைத்துக்கொண்டு அவள் மணவறையில் தம்பியோடு நின்றால்தான் மேற்கொண்டு கல்யாணம் நடக்கும். அன்றைக்கு நின்றவளுக்கு அந்த வீட்டில் காலத்துக்கும் இடம் உண்டு. வளைகாப்பானாலும் காதுகுத்தானாலும் முதல் அழைப்பு இணைச்சீர்க்காரிக்குத்தான் போகும். அம்மா அதற்காகவே அரக்குப் பட்டு ஒன்று எடுத்து பீரோவில் வைத்திருந்தாள். எனக்குக் கொப்புளம் கண்ட அன்று அவள் முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், அடுத்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். அதில் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன்.

அம்மை இறங்க மூன்று தண்ணீர் ஊற்ற வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, நாள் பார்த்து, இடைவெளி விட்டுத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றி வீடு கழுவிய பிறகுதான் கதவு திறக்கும். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, கணக்குப்படி மூன்றாம் தண்ணீர் அதற்கு முந்தைய செவ்வாய். எனக்கு உடம்பு தேறினால், என் தம்பிக்கு ஒட்டாமலிருந்தால், அம்மா போகலாம். அதனால் நான் சாப்பிட்டாக வேண்டும். அம்மா கடல்பாசியில் இறங்கியது இப்படித்தான்.

நரைமுடியைக் கொத்தாகக் கத்தரித்து வைத்தாற்போல் அவளிடம் ஒரு பொட்டலம் இருந்தது. கொஞ்சம் எடுத்து ஊறப்போட்டு, அளவாகத் தண்ணீர் விட்டு, ஒரு நார் தெரியாமல் கரையும்வரை காய்ச்சி வடிகட்டுவாள். ஒரு நாள் இளநீரோடு அதன் வழுக்கையைப் போடுவாள், இன்னொரு நாள் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும், பிறிதொரு நாள் எங்கள் வயலில் பிடுங்கிய பீட்ரூட்டின் சாறு. எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டால், ஃபிரிட்ஜ்கூட வேண்டாம், நான் ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் உறைந்துவிடும். அதைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி, ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பது அவள் வழக்கம். "நின்னுபோச்சு கண்ணு" என்பாள், ஏதோ பெரிய வழக்கில் ஜெயித்தவள்போல. தாளிக்காத, வறுக்காத, உடம்புக்குக் குளிர்ச்சியான பண்டம் என்பதால் அத்தைக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்த அவருக்கு அது மெல்லுகிற வேலையையும் மிச்சப்படுத்தியது. முதல் தண்ணீர் ஆயிற்று, இரண்டாம் தண்ணீரும் ஆயிற்று. பொருக்குகள் உதிரத் தொடங்கின. அம்மா பீரோவைத் திறந்து பட்டைப் பார்த்துவிட்டு மூடுவது எனக்குக் கட்டிலிலிருந்தே கேட்கும்.

அப்போதுதான் பொட்டலம் தீர்ந்தது. அப்பாவோடு பட்டறையில் வேலை செய்த ஆரோக்கியம் மாமா உக்கடம் பக்கம் குடியிருந்தார். அவரிடம் போனில் சொன்னதும், கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வண்டியெடுத்து வந்து கேட்டுக்கு வெளியே கல்லின் மேல் வைத்துவிட்டு, தூரத்திலிருந்தே எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார். பையில் இருந்தது நாரல்ல, பொடி. கடைக்காரர் அந்த நார் இல்லையென்றும், இதுவும் அதேபோலத்தான், இன்னும் நன்றாக நிற்கும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார். நாரையே அரைத்துப் பொடியாக விற்கிறார்கள் போலிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். வழக்கம்போலக் கொதிக்கவிட்டாள். அடுப்பிலிருந்து ஒரு வாடை எழுந்தது.

"ஏனுங் நங்கையா, ஒரு மாதிரி கவிச்சி அடிக்குதுங்களே?" என்று அம்மா கேட்டாள். கணவரின் அக்காளை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கடல்ல வெளையறது அம்மணி, கவிச்சி அடிக்காம மல்லிப்பூவாட்டவா மணக்கும்?" என்றார் அத்தை.

அது ஜன்னலோரத்தில் உறையவே இல்லை. சாயங்காலம்வரை கஞ்சித்தண்ணியாகவே கிடந்ததை அம்மா கடைசியில் ஃபிரிட்ஜில் வைத்தாள். மறுநாள் காலை அது உறைந்திருந்தது, என்ன உறைதல்! கண்ணாடிபோலத் தெளிவாக, தட்டினால் நெடுநேரம் ஆடுவதாக, நாக்கில் வைத்தால் உடையாமல் அப்படியே உருகிப் போவதாக இருந்தது. என் ஆயுளில் அதற்கு நிகராக எதையும் ருசித்ததில்லை. நான் ஒரு தட்டைக் காலி செய்தேன். அத்தை, "இது அதைக்காட்டிலும் தேவுலையே" என்று சொல்லி இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

மத்தியானம் ஆரோக்கியம் மாமா கூப்பிட்டார். அப்பாவின் செல்போன் ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அதனால் எங்கள் வீட்டுக்கு வரும் எந்தச் சேதியும் எல்லோருக்குமான சேதிதான்.

"அண்ணா, அந்தப் பொடியப் பிரிச்சுப்போட்டீங்களா? வூட்ல சொன்னேனுங்க, அவ தலையில அடிச்சுக்கறா. கிறிஸ்மஸுக்கு அவ அதுலதான் புட்டிங் செய்யறா. அது கடல்பாசியே இல்லையாமுங்க, எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கறதாமுங்க. அம்மை வூட்டுக்கு ஆகாதுங்களே, எனக்குத் தெரியாமப் போச்சுங்க!"

அப்பா போனை அணைத்தார். அத்தை எழுந்துபோய், வேப்பிலையை மென்று, குழாயடியில் வாய் கொப்பளித்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் இருந்தது கோபமாக இருந்திருந்தால் அம்மா சமாளித்திருப்பாள். அது பயம். அத்தைக்கு ஒரு மகன் இருந்து அம்மையில் இறந்துபோனான் என்பதும், அந்த நேரத்தில் வீட்டில் யாரோ கருவாடு சுட்டதால்தான் ஆத்தா அவனைக் கொண்டுபோய்விட்டாள் என்று அவர் நம்பினார் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"மறுக்கா மொதத் தண்ணியில இருந்து ஆரம்பிக்கோணும்" என்றார் அத்தை.

"நாளைக்கு மூணாந்தண்ணீங்க நங்கையா. புள்ளைக்குப் பொருக்கே உதுந்துபோச்சுங்க. தெரியாமச் செஞ்சது ஆத்தாளுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் அம்மணி. ஆனா பையன் ஒருத்தன் இருக்கறான். அவனுக்கும் போட்டுச்சுன்னா ஆரு பதில் சொல்றது? ஆத்தாளையுங் கூட்டிட்டு உன்ற தம்பி மணவறையில போய் நிக்கறயா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "அக்கா சொல்றாப்பலயே இருந்துக்கலாம்" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். எங்கள் வீட்டில் பூசாரிக்குப் பக்கத்தில் தலையாட்ட ஓர் ஆளும் இருந்தார். அப்பா நல்லவர்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு ஆத்திரம் வரும். மிச்சமிருந்த தட்டை அம்மா தென்னை மரத்தடியில் கொட்டினாள். அது வெயிலில் உருகி மண்ணுக்குள் போகும்வரை அங்கேயே நின்றாள்.

கல்யாணத்தன்று காலையில் அம்மா குளித்துவிட்டு அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் கொஞ்சம் நன்றாகக் கிடைக்கும். அங்கே போய் அப்பாவின் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நானும் தம்பியும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். மண்டபத்தில் உறவுக்காரர் ஒருவர் போனைப் பிடித்திருந்தார். மேளம் கேட்டது, குழந்தை ஒன்று அழுதது, யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு குரல் உரக்கக் கூப்பிட்டது: "இணைச்சீர்க்காரி வாங்கோ!"

அம்மா ஒரு அடி முன்னால் வைத்தாள். நான் பார்த்தேன். எங்கே போக? முன்னால் தொட்டியும் அதற்கப்பால் கம்பிவேலியும்தான் இருந்தன. வைத்த காலை அவள் மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். காரமடையில் அம்மாவின் பெரியப்பா மகள் ஒருத்தி பேழையோடு போய் நின்றாள். சிக்னல் போய்விட்டது.

என் தம்பிக்குக் கடைசிவரை அம்மை வரவில்லை. மறுபடி மூன்று தண்ணீரும் ஊற்றி, கதவு திறந்து, எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். மாப்பிள்ளை மாமா நல்ல மனிதர், வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அதன் பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும் முதல் அழைப்பு பெரியப்பா மகளுக்குப் போயிற்று. அம்மாவுக்கும் வந்தது, பிற்பாடு. பிறந்த வீட்டு விசேஷங்களில் அம்மா மூன்றாவது வரிசை நாற்காலியில் விருந்தாளியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கஞ்சித்தண்ணி வாடை மூக்கில் ஏறும். கடல்பாசியை அவள் பிறகு தொடவே இல்லை. நானும் கேட்கவில்லை. கதவு திறந்து எத்தனையோ வருடமாகியும் அவள் மட்டும் உள்ளேயே இருப்பதாக எனக்குத் தோன்றும்.

போன வைகாசியில் என் தம்பிக்குக் கல்யாணம். இந்த முறை இணைச்சீர்க்காரி நான். மண்டபத்துக்குக் கிளம்பும் நேரம், என் மகளுக்குச் சட்டை மாற்றுகையில் அவள் முதுகில் சிவப்பாக மூன்று கொப்புளங்களைப் பார்த்தேன். தடுப்பூசி போட்ட குழந்தைதான், காய்ச்சலும் இல்லை. ஆனாலும் சட்டையைச் சட்டென்று கீழே இழுத்துவிட்டேன். நிமிர்ந்தால் அம்மா வாசற்படியில் நிற்கிறாள். அவளும் பார்த்துவிட்டாள்.

"கொசு கடிச்சிருக்குது" என்றாள் அம்மா.

அறைக்குள் கட்டிலில் அத்தை இருந்தார். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. "ஆருக்கு, என்ன? இங்க கொண்டா" என்றார். வேறு வழியில்லாமல் குழந்தையைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினேன். அவர் விரல்கள் அந்த முதுகின் மேல் ஊர்ந்து, ஒவ்வொரு கொப்புளமாகத் தொட்டுத் தொட்டு நின்றன. நெடுநேரம் கழித்து அத்தை கையை எடுத்தார்.

"கொசுதான்" என்றார். "பேழை தூக்கறவ இன்னும் இங்கயே நின்னுட்டிருந்தா எப்படி? கெளம்பு கண்ணு."

மகளை மண்டபத்து அறையிலேயே வைத்துக்கொள்ளும்படி என் கணவரிடம் சொல்லிவிட்டு, நான் மணவறையில் போய் நின்றேன். அந்தத் தடிப்பு இரண்டொரு நாளில் வடுவில்லாமல் ஆறிவிட்டது. கொசுவா, வேர்க்குருவா, ஆத்தாளேதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் தோப்பில் பாதி இப்போது வீட்டுமனைகளாகிவிட்டது. கேட்டுக்கு வெளியே இருந்த கல் ரோடு போட்டபோது போய்விட்டது. வேப்பிலைக் கொத்து தொங்கும் வாசலை நான் பார்த்துப் பல காலமாகிறது, அதைப் பார்க்காததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. தம்பி கல்யாணத்தன்று பந்தி முடிந்ததும் இனிப்பு வைத்திருந்த மேசையில் சின்னச்சின்னக் கிண்ணங்களில் ஜெல்லி இருந்தது, இளநீர் வழுக்கை போட்டு, கண்ணாடிபோல. அம்மா அதன் முன்னால் நின்றாள்.

"எதுல செஞ்சதுன்னு கேட்டுட்டு வாரேனுங்ம்மா" என்றேன்.

"கேக்காத கண்ணு" என்றாள் அம்மா. ஒரு கிண்ணத்தை எடுத்துக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டி, அது ஆடி நிற்கும்வரை பார்த்திருந்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு கையிலும் இரண்டு கிண்ணங்களை எடுத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்த பக்கமாகப் போனாள்.