முயல் படத்துக்கு எழுதிய உறுதி

நான் ரொறன்ரோவுக்கு வந்தது 1984இல். அதற்கு முன்பு யாழ்ப்பாணத்திலும் பிறகு கொழும்பிலும் நொத்தாரிசுக் கந்தோர்களில் பதினொரு வருடம் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், எழுதியவன். இங்கே எனக்குக் கிடைத்த வேலை, ஓர் ஓவிய அருங்காட்சியகத்தின் பேஸ்மென்றில் படம் தூக்குவது. சில படங்கள் எங்கள் அப்பார்ட்மென்ற் கதவுக்குள்ளேயே நுழையாது. முதல் கிழமையே முதுகு பிடித்துக்கொண்டது. மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டபடி, எல்லாரும் படம் பார்க்கத்தான் போகிறார்கள், நீங்கள் ஏன் அதோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.

எங்கள் பகுதி அதிகாரி நெடிய, மெலிந்த வெள்ளைக்காரர். வரவுப் புத்தகத்தில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, என்னை அட்டை எழுதும் வேலைக்கு மாற்றினார். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை. படத்தின் பெயர், நீள அகலம், கடைசியில் பெரிய ஒரு கட்டம். இந்தப் படம் முதலில் யாரிடம் இருந்தது, அவர் யாருக்குக் கொடுத்தார், எந்த வழியால் எங்களிடம் வந்தது என்பதை அந்தக் கட்டத்தில் எழுதவேண்டும். இதை அவர் எனக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டிக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தேன். வேலிக்கதியால் ஒன்றுக்காக இரண்டு தலைமுறை கோடேறி வழக்காடுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு, எந்தச் சொத்து யார் கையால் யாருக்கு வந்தது என்று தேடுவதைச் சொல்லித்தரவேண்டுமா?

எழுதத் தொடங்கினேன். உறுதி என்றால் எல்லை இல்லாமல் முடியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் நான்கு எல்லையும் எழுதினேன். கிழக்கு, இரண்டு மாடு நிற்கும் படம், மேற்கு, தீயணைக்கும் கருவி, வடக்கு, தண்ணீர்க் குழாய், தெற்கு, நடைபாதை. அடுத்தது, காணியில் உள்ளவற்றைச் சொல்லவேண்டும். கிணறு, பனை, தென்னை, வான்பயிர், செய்பயிர் என்று ஒன்றும் விடாமல் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? படத்தின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பார்த்து, ஆணி, கறை, பூச்சி அரித்த ஓட்டை, யாரோ கிறுக்கிய கிறுக்கல், எல்லாவற்றையும் சேர்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அதிகாரி அட்டைகளை எடுத்து வாசித்தார். ஒன்றை வாசித்துவிட்டுப் பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டார். பிறகு அடுத்த அறைக்காரரை. என் எழுத்தின் அழகைக் காட்டுகிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். ஐந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடிந்த பிறகுதான் விஷயம் எனக்குப் புரிந்தது. படம் நகரும், ஐயா, அதற்கு எல்லை கிடையாது என்றார் அதிகாரி. நூற்று நாற்பது அட்டையையும் என் கண் முன்னாலேயே குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, சுருக்கமாகத் திரும்ப எழுதச் சொன்னார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆனாலும் எழுதினேன்.

திரும்ப எழுதியதில் ஒரு படம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மேசையில் செத்த முயல் ஒன்று, இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு செப்புக் குண்டான். அதைப் பற்றிச் சொன்னபோது, கறி வைத்திருந்தால் ஒருநேரச் சாப்பாட்டுக்காவது உதவியிருக்கும் என்றாள் மனைவி. படம் எப்படியோ போகட்டும், அதன் வரலாறுதான் கோளாறு. இரண்டாம் உலகப்போருக்கு முன்பு வியன்னாவில் ஒரு பல் வைத்தியரின் வீட்டில் இருந்தது. போருக்குப் பிறகு சுவிற்சர்லாந்தில் ஒரு வியாபாரி விற்றார். வைத்தியரிடமிருந்து வியாபாரிக்கு எப்படி வந்தது? அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதிகாரியிடம் போய் நடுவில் ஓர் உறுதி குறைகிறது என்றேன். அது நாஜிகளின் காலம், எத்தனையோ கடதாசி தொலைந்துபோயிருக்கும், தனியார் சேகரிப்பு என்று எழுதிவிடு என்றார்.

எனக்கு அதை எழுதக் கை வரவில்லை. 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீட்டுச் சாமான்களைச் சனம் தலையில் வைத்துக்கொண்டு போனதை எதிர்வீட்டுக் குளியலறை ஜன்னலால் பார்த்தவன் நான். எங்கள் மேசைவிசிறியும் இப்போது யாரோ ஒருவரின் தனியார் சேகரிப்புத்தான். அன்று எனக்கு வந்த ஆத்திரம் முயலுக்காக வந்ததல்ல. ஆனால் வேலை போய்விடும் என்ற பயம் ஆத்திரத்தைவிடப் பெரிது. தனியார் சேகரிப்பு என்றே எழுதினேன். அந்த வெட்கம் இன்றைக்கும் உண்டு.

1986இல் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்தப் பல் வைத்தியரின் மகள். இதே ரொறன்ரோவில்தான் இருந்தார். எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தவர் சுவரில் முயலைக் கண்டிருக்கிறார். ஒன்பது வயதில் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் அது தொங்கியது என்றும், ஒருநாள் சீருடைக்காரர் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள் என்றும் எழுதியிருந்தார். தாயும் தகப்பனும் தம்பியும் முகாமிலிருந்து திரும்பவில்லை. அந்த வீட்டில் மிச்சம் என்று தனக்கு உலகத்தில் இருப்பது இந்தப் படம் ஒன்றுதான் என்று எழுதியிருந்தார். கையில் ஒரு கடதாசியும் இல்லை. ஓர் அடையாளம் மட்டும் சொன்னார். படத்தின் பின்சட்டத்தில் தம்பி பென்சிலால் ஒரு பூனை கீறினான். மூன்று கால் கீறி முடிக்க, சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி கெட்ட மனிதரல்ல, படத்தைத் திருப்பிப் பார்த்தார். ஆனால் பூச்சி அரித்த பழைய சட்டத்தை இரண்டு வருடத்துக்கு முன்பே கழற்றி எறிந்துவிட்டுப் புதுச்சட்டம் அடித்திருந்தார்கள். அட்டையிலும் பூனை இல்லை. அப்படி ஓர் அடையாளம் எங்கள் பதிவுகளில் கிடையாது என்று பதில் எழுதி, பிரதியைக் கோப்பில் போடச் சொல்லி என்னிடம் தந்தார்.

கோப்பில் போடுவதற்கு முன்பு இரண்டு கடிதத்தையும் வாசித்தேன். அந்தப் பூனையை நான் கண்டிருக்கிறேன். எழுதியும் இருக்கிறேன். அவர் குப்பையில் போட்டது முதல் பிரதியை மட்டும்தான்.

எங்கள் நாட்டில் எந்த நொத்தாரிசும் உறுதியின் இரண்டாம் பிரதியை மாதமுடிவில் காணிப் பதிவுக் கந்தோருக்கு அனுப்பியே ஆகவேண்டும். அனுப்பாவிட்டால் குற்றம். இங்கே பதிவுக் கந்தோர் எது என்று நான் யாரையும் கேட்கவில்லை. மூன்றாம் மாடியில் அருங்காட்சியகத்தின் சட்டத்தரணி இருந்தார். அதுதான் என்று நானே முடிவுகட்டி, அந்த மூன்று மாதமும் பிரதிகளைக் கட்டி மேலே அனுப்பியிருந்தேன். அவருடைய செயலாளர், அந்த மகராசி, ஏன் எதற்கு என்று கேட்காமல், ஒவ்வொன்றிலும் கிடைத்த திகதியைக் குத்திப் பெட்டியில் போட்டிருந்தார்.

அதிகாரிக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் எலுமிச்சம்பழம் தின்றதுபோலப் போனது. அவர் பேசிய ஆங்கிலம் எனக்கு எங்கள் தமிழில்தான் ஞாபகம்.

"நீர் எல்லாத்தையும் மேல அனுப்பினீரோ?"

"ஓம் சேர். மாசா மாசம்."

இரண்டுபேரும் மேலே போய்ப் பெட்டியைத் திறந்தோம். சட்டத்தரணி என் அட்டையைச் சத்தமாக வாசித்தார். கிழக்கு, மாடு. மேற்கு, தீயணைக்கும் கருவி. மேற்படி எல்லைக்குள் உள்ள முயல் ஒன்று, எலுமிச்சம்பழம் இரண்டு, குண்டான் ஒன்று, பின்சட்டத்தில் பென்சில் பூனை ஒன்று, கால் மூன்று. ஒருவரும் சிரிக்கவில்லை. கடிதத்துக்கு இரண்டு வருடம் முந்திய திகதி, அவருடைய சொந்தக் கந்தோரின் முத்திரை. சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகும் கூட்டம், கடிதம், மறுபடி கூட்டம் என்று இழுபட்டது. 1988இல் ஒருவழியாகப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொண்டுபோய்ச் சேர்க்க அதிகாரி என்னையே அனுப்பினார். ஊர்க்கதை கதைக்காமல் சுருக்கமாக வா என்றும் சொன்னார்.

அந்த அம்மாவுக்கு அறுபதை எட்டுகிற வயது. எட்டாம் மாடியில் சின்ன அப்பார்ட்மென்ற். சுவரில் ஆணி அடித்துப் படத்தைக் கொழுவிவிட்டு விலகி நின்றேன். அவர் எதிரில் நின்று நெடுநேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இது அந்தப் படம் இல்லை. அது இதைவிடப் பெரிசு."

இரண்டு வருடக் கூட்டமும் முத்திரையும் போயே போச்சு என்று நினைத்தேன். பொக்கற்றில் இருந்த அளவுநாடாவை எடுத்து, எதை எதோடு அளப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. கதிரையின் கையைப் பிடித்து மெல்ல மெல்லக் குனிந்து, சுவருக்குக் கீழே வெறுந்தரையில் போய் இருந்தார். கால்களை மடித்துக்கொண்டு, கழுத்தை அண்ணாந்து படத்தைப் பார்த்தார்.

"இப்ப சரி," என்றார். பிறகு பக்கத்துத் தரையைக் கையால் தட்டிக் காட்டினார். "தம்பி இதில இருப்பான்."

நான் அளவுநாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, தம்பியின் இடத்தை விட்டுவிட்டு, அவருக்கு மற்றப் பக்கத்தில் போய் இருந்தேன்.