தோளில் நட்சத்திரம் தரும் படிப்பு

"உன்னைப் பாத்து எவன் பாப்பா சல்யூட் அடிப்பான்? நம்ம வூட்டு எருமையா?"

பட்டாளத்திலிருந்து ஒற்றைக் காலோடு திரும்பியிருந்த என் அண்ணன் இப்படிக் கேட்டதும், களத்தில் நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரியப்பா எழுந்து நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தே காட்டினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, கேட்டதையே மறுபடி கேட்டேன். காலேஜில் எதைப் படித்தால் பட்டாளத்தில் அதிகாரியாகலாம்? சிப்பாயாகப் போய் பர்மா எல்லைவரை பார்த்து வந்தவர் எங்கள் ஊரில் அண்ணன் ஒருவர்தான்.

"பி.ஏ. படிச்சா ஆபீசுல டைப் அடிக்கலாம். தோள்ல அதிகாரி நட்சத்திரம் வேணும்னா டாக்டருக்குப் படிக்கணும். எங்க ஆஸ்பத்திரியில அப்படி ஒருத்தி இருந்தா. அவதான் இதை அறுத்தா." வேட்டியை ஒதுக்கி, முழங்காலுக்கு மேல் மழுங்கி நின்ற தொடையைக் காட்டினார். "என் மூஞ்சியைக்கூடப் பாக்கலை. அவளாட்டம் ஆவணுமா உனக்கு?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் அங்கேயே வாயை மூடியிருக்கலாம்.

"அந்தம்மா உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னிருந்தா, எங்களுக்குச் சாவுத் தந்திதாங்கண்ணா வந்திருக்கும்."

அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். அண்ணன் அக்குள் கட்டையை ஊன்றி மெதுவாக எழுந்தார். அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வாத்தியாரம்மா படிப்புன்னா அனுப்புங்க. அறுக்கற படிப்புன்னா நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்."

காலைக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளையின் சொல்லை அப்பா மீறுவாரா? தலையை மட்டும் ஆட்டினார்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒருவேளை இறங்கி வந்திருப்பார். நான் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு என்றிருந்தது. அதன்பின் அவருக்குச் சோறு வைக்கும்போது தட்டைப் பார்த்தேனே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

சென்னைப் பெண்கள் காலேஜிலிருந்து இண்டர்மீடியட்டுக்கு விண்ணப்பத் தாள் வந்தது. சரித்திரப் பிரிவில் சேர்ந்தால் பி.ஏ., பிறகு வாத்தியார் வேலை. இயற்கை விஞ்ஞானம் எடுத்தால்தான் மருத்துவக் கல்லூரி வாசலையாவது மிதிக்க முடியும். ஒரே ஒரு கோட்டின்மேல் ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். எழுதினேன்.

தாளையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு கேழ்வரகுக் காட்டுக்குப் போனேன். அப்பா களை பறித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கையெழுத்து வராது. மண் அப்பியிருந்த கட்டைவிரலை என் தாவணி முனையால் துடைத்து, மை தடவினேன்.

"வாத்தியாரம்மா படிப்புத்தானேம்மா?"

"ஆமாங்கப்பா."

எங்கள் வீட்டில் நான் படித்துச் சொன்ன எதையும் யாரும் சந்தேகித்ததில்லை. எங்கே வைப்பது என்று அவர் விரலை நீட்டிக் காத்திருந்தார். நானே பிடித்து அழுத்தினேன். அதற்கு இரண்டு வரி மேலே 'இயற்கை விஞ்ஞானம்' என்று என் கையெழுத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்குதும்மா" என்றார்.

மை காயும்வரை வரப்பில் நின்றேன். பிறகு கடத்தூருக்கு நடந்துபோய் உறையைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.