அம்மா தன் அண்ணனுக்கு எழுதிய வேடம்

எங்கள் அம்மா பனவடலிசத்திரத்தில் பிறந்து, சங்கரன்கோவிலில் வாழ்க்கைப்பட்டவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்த அவரை வளர்த்து ஆளாக்கியவர் அவருடைய ஒரே அண்ணன், எங்கள் மாமா. அம்மாவுக்கு நடிப்பில் ஆசை வந்தபோது மாமா தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ரேடியோவுல பேசு, மதுரையில நடி, எங்கன வேணும்னாலும் போ. கட்டிக்குடுத்த ஊருல, சங்கரன்கோவில்ல மட்டும் மேடை ஏறாத தாயி."

அம்மா அந்தச் சொல்லைக் காத்தார். வானொலியில் அரசியாகவும் பால்காரியாகவும், ஏன், எட்டு வயதுப் பையனாகவும்கூடப் பேசினார். வெளியூர் மேடைகளில் கைதட்டல் வாங்கினார். உள்ளூர்க் காய்கறிக் கடையில், "இந்தக் குரல எங்கனயோ கேட்டிருக்கமே" என்பார்கள். அம்மா முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டே சிரிப்பார்.

அம்மா நாடகம் எழுதவும் செய்தார். அவை பிறந்தது கோயிலில். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன், நூற்றெட்டு முறை கோயிலைச் சுற்றுவதாக நேர்ந்துகொண்டு பெண்கள் நடக்கும் ஆடிச்சுற்றில் அம்மாவும் நடப்பார். உதடு அசைந்துகொண்டே இருக்கும். மந்திரம் என்று நினைத்து மற்றவர்கள் வழிவிடுவார்கள். அது வசனம் என்பது எனக்கு மட்டும் தெரியும். திடீரென நின்று, "ஏட்டி, இது எத்தனாவது சுத்து?" என்பார். எனக்கும் தெரியாது. முதலிலிருந்து நடப்போம். கல்தரையின் குளிர்ச்சியும் பூவாசமும் அம்மாவின் முணுமுணுப்புமாக, நடக்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாது. இன்றும் கண்ணை மூடினால் நடந்துகொண்டுதான் இருக்கிறோம்.

சென்ற ஆண்டு அம்மா படுக்கையில் விழுந்தார். மாமா வந்து கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "நான் அப்பம் சொன்னது தப்பு தாயி. இனி இந்த ஊருலயே நடி" என்றார். எனக்குக் கோபம் பொங்கியது. எழுந்து உட்காரவே முடியாதவரிடம் சொல்கிற பேச்சா இது?

அம்மா சிரித்தார். "கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரமா அண்ணே?"

மறுநாள் முதல், மூச்சு வாங்க வாங்க அவர் சொல்ல, நான் எழுதினேன். சிறிய நாடகம். கடைசிக் காட்சியில், வாசலில் நிற்கும் தங்கையை அண்ணன் வீட்டுக்குள் அழைக்க வேண்டும். "இத உங்க மாமாதான் நடிக்கணும். வேற ஆளப் போட்டா நாடகமே வேண்டாம்" என்றார். எழுதி முடித்த நான்காம் நாள் காலை, உறக்கத்திலேயே எங்களை விட்டுப் போனார்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், அம்மாவின் நினைவு நாளுக்கு இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாலையில் நம் தெருவிலேயே மேடை போட்டிருக்கிறோம். இருந்து பார்த்துவிட்டுப் போங்கள். தங்கை வேடம் எனக்கு. மாமா இந்த வயதில் முதன்முதலாக மேடை ஏறுகிறார். "உள்ள வா தாயி" என்பதுதான் அவருடைய ஒரே வசனம். ஒரு மாதமாகப் பாடம் செய்கிறார். "உள்ள" என்பதைத் தாண்ட முடியவில்லை. அந்த இடத்தில் அவர் அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா எழுதியதில் அழுகை கிடையாது.

— மகள்