போணிக்கு முன் பதிமூன்று மைல்

இசக்கிமுத்துவுக்கு ராசியான கை என்று முதலில் யார் சொன்னார்கள் என்பது எங்கள் கடையில் யாருக்கும் நினைவில்லை. தி. நகரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜவுளிக் கடை அது. காலையில் கதவு திறந்ததும் முதல் சேலையை அவர்தான் விரிக்க வேண்டும். போணி அவர் கையால் ஆனால் அன்றைக்குக் கூட்டம் குறையாது என்பது முதலாளி மாணிக்கவாசகம் அண்ணாச்சியின் நம்பிக்கை. ஆறு வருடத்தில் இசக்கிமுத்துவுக்கு ஒரு காலைப்பொழுதுகூட விடுப்பு கிடைத்ததில்லை. ராசி என்றால் அப்படித்தான்.

அவர் ஓடுகிறவர். கடைப் பையன்கள் எல்லாருமாகப் படுத்துக் கிடக்கும் மாடி அறையிலிருந்து இருட்டோடு எழுந்து, வெறுங்காலோடு மயிலாப்பூர் வழியாகக் கடற்கரைவரை ஓடிவிட்டுக் கடை திறப்பதற்குள் குளித்து நெற்றியில் நீறோடு நிற்பார். "நாள் பூரா நின்னுக்கிட்டே கெடக்குத காலுடே, கொஞ்சம் ஓடட்டும்" என்பார். பில் போடுகிற என்னிடம் அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

எழுபத்து நான்காம் வருடத் தீபாவளி வாரம். கதவு திறக்கும் நேரத்தில் கல்லா மேசையில் இருந்த போன் அடித்தது. அண்ணாச்சி எடுத்தார். "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டு வைத்தார். பிறகு வாசலைப் பார்த்து, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமியும் இரண்டு பெண்களும். வெள்ளை விரிப்பின் மேல் இசக்கிமுத்து சேலைகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் அடர்த்தியா அரக்கு இருந்தா காட்டுங்கோ. ஆத்துல எல்லாருக்கும் அரக்குதான் பிடிக்கும்."

"இதுக்கு மேல அரக்குன்னா கறுப்பாயிரும்மா. பொறவு என்னைத்தான் வைவீங்க."

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கடையில் பாதிச் சேலை இறங்கிய பிறகுதான் மாமிக்கு ஒன்று மனசுக்குப் பிடித்தது. நான் பில் போட்டேன். அவர்கள் படியிறங்கியதும் அண்ணாச்சி இசக்கிமுத்துவைக் கூப்பிட்டார்.

"ஏல, மனசத் தேத்திக்க. ஐயா தவறிட்டாவ. ராத்திரி நெஞ்சு வலின்னு படுத்தவரு. உங்க ஊரு ரைஸ்மில்லுல இருந்து போன் வந்துது."

"எப்பம் வந்துது?"

"கடை தெறக்கும்போது." அண்ணாச்சி எதையும் மறைக்கவில்லை. "சொன்னா ஒனக்குத் தீட்டு வந்துரும்லா. தீட்டுக்காரன் கையால போணி பண்ண முடியுமா? காதுல விழாதவரைக்கும் தீட்டு கெடையாதுடே."

சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது. புதுவேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து, வழிச்செலவுக்கும் கொடுத்தார். ஆனால் திருநெல்வேலிக்குப் போகிற காலை பஸ் அதற்குள் போயிருந்தது. இசக்கிமுத்து சாயங்கால ரயிலில்தான் போனார். ஊரில் விடியும்வரை வைத்திருந்தார்களாம். அடைமழை. அதற்குமேல் வைக்க முடியாமல் தம்பி கொள்ளி வைத்துவிட்டான். மூத்த மகன் போய்ச் சேரும்போது அப்பாவின் சிதையில் புகைகூட இல்லை.

பதினாறு முடிந்து, மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார். மறுநாள் காலை அண்ணாச்சி அவரைப் பழைய இடத்தில் நிறுத்தினார். அவரும் நின்றார். சண்டை போடவில்லை. அழுததாகவும் தெரியவில்லை. கொதிக்கிற டீயை ஊதாமல் குடித்தார். ஓடிவிட்டு வந்து உள்ளங்காலில் ஏறிய கண்ணாடிச் சில்லைப் பிடுங்கி, யாருடையதோ போல அதை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மார்கழி முழுவதும் அவர் முகத்தைப் பார்ப்பது, ஆள் காலிசெய்துவிட்டுப் போன வீட்டின் ஜன்னலைப் பார்ப்பது போல இருந்தது.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வருடா வருடம் ஒரு ஓட்டப் பந்தயம் நடக்கும். மெரினா காந்தி சிலையில் கிளம்பி, சாந்தோம், அடையாறு பாலம், திருவான்மியூர் தாண்டி, பாலவாக்கத்தில் திரும்பி, மறுபடி சிலைக்கே வரவேண்டும். பதிமூன்று மைல். மூன்று வருடமாக இசக்கிமுத்து ஓடிக்கொண்டிருந்தார். ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்குக் கீழே வந்ததில்லை. மற்ற வருடங்களில் ஒன்பதுக்குத் திறக்கிற கடையைப் பொங்கல் கூட்டத்துக்காக அந்த வருடம் எட்டுக்கே திறப்பதாக இருந்தது.

"ஓடுறத வேண்டாம்னு சொல்லல" என்றார் அண்ணாச்சி. "எட்டு மணிக்கு விரிப்புல நிக்கணும். நிக்கலேன்னா வேற கடை பாத்துக்க."

ஆறு மணிக்குப் பந்தயம். வழக்கமான வேகத்தில் ஓடி, என் சைக்கிளில் டபுள்ஸ் வந்தாலும் எட்டு தாண்டிவிடும். அவருக்கு அது தெரியும். "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

அடையாறு பாலம்வரை சைக்கிளில் கூடவே போனேன். பாலத்தடிக் குடிசைகளில் இருக்கும் தங்கவேல், சைக்கிள் ரிக்ஷா மிதிப்பவன், அவனும் வெறுங்கால்காரன், இசக்கிமுத்துவை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தான்.

"இன்னா அண்ணாத்தே, இப்பவே இவ்ளோ வேகமா போய்க்கினு கீற? திரும்பி வர வாணாமா?"

பாலத்தின் மேல் தங்கவேல் பின்தங்கினான். நான் அங்கேயே நின்றுகொண்டேன். ஆற்றின் மேல் பனி விலகி வெயில் வந்தது. திரும்பி வந்தவர்களில் இசக்கிமுத்து ஐந்தாவதோ ஆறாவதோ. மற்றவர்கள் வாயைத் திறந்து, பல்லைக் கடித்து, இடுப்பைப் பிடித்து ஓடினார்கள். இவர் முகம் மட்டும் கிளம்பியபோது இருந்தபடியே இருந்தது. நான் சைக்கிளை மிதித்தும் சாந்தோம்வரை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

ஒரு மணி முப்பத்தொரு நிமிடம் என்று நேரம் குறிக்கும் மேசைக்காரர் உரக்கப் படித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கவேல் வந்து மணலில் விழுந்தான்.

"இன்னா நைனா, எவனாச்சும் தொரத்திக்கினு வந்தானா ஒன்னிய? மூஞ்சில ஒண்ணியும் காணோம். வலிக்கல?"

"தெரியலியே."

"காலப் பாரு, ரத்தம் வந்துகினு கீது."

இசக்கிமுத்து குனிந்து பார்த்தார். கட்டைவிரல் நகம் பெயர்ந்திருந்தது. மணலை அள்ளி அதன் மேல் போட்டுக்கொண்டார்.

நான் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினேன். "ஏறுங்கண்ணே. இப்பக் கிளம்பினா எட்டுக்குள்ள போயிரலாம்."

"இருடே. உக்காருவோம்."

சைக்கிளில் டீ விற்பவன் வந்தான். ஆளுக்கு ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தார். கடல் அருகில்தான் இருந்தது. அவர் கடலைப் பார்த்த மாதிரியும் தெரியவில்லை. நேரமாகிறது என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லவில்லை. வெயில் முதுகில் ஏறிய பிறகு கேட்டார்.

"எட்டு அடிச்சிருக்கும்லா?"

"அடிச்சிருக்கும்ணே."

"அப்பம் போவோம்."

நாங்கள் போனபோது விரிப்பில் வெள்ளைச்சாமி சேலை விரித்துக்கொண்டிருந்தான். கடைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவன். முன்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி இசக்கிமுத்துவின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "கட்டுப் போட்டுட்டு வேலையப் பாரு. பொறவு பேசுவோம்" என்றார்.

அன்று கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. பில் எழுதி எழுதி எனக்கு விரல் மரத்துப் போயிற்று. அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. கதவைப் பாதி இறக்கிய பிறகு, அவர் முகம் நன்றாகத் தெளிந்திருந்தது.

"ஏல இசக்கி, போகச் சொல்லிருவேன்னு நெனச்சியா? கோவத்துல சொன்னது. பொங்கலுக்கு இப்படி ஒரு கூட்டம் நான் பாத்ததில்ல. யாரு கையா இருந்தா என்னடே. வெள்ளையே பண்ணட்டும். நீ இனிமே நிதானமா ஓடிட்டு வா."

மனமார்ந்துதான் சொன்னார்.

"யாரு கையா இருந்தாலும் சரிதானா அண்ணாச்சி?"

"அதான் பாத்தியே இன்னைக்கு."

இசக்கிமுத்து தலையை ஆட்டினார். அண்ணாச்சி கல்லாவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

விரிப்பில் குவிந்து கிடந்த சேலைகளை மடிக்க வேண்டியிருந்தது. இசக்கிமுத்து ஒரு நுனியையும் வெள்ளைச்சாமி மறுநுனியையும் பிடித்துக்கொண்டார்கள். சேர்வதும் விலகுவதுமாக ஒவ்வொன்றாக மடித்தார்கள்.

"அண்ணே, இன்னைக்கு நல்லா ஓடுனீங்களாமே" என்றான் வெள்ளைச்சாமி.

"ஆமா. இதுவரைக்கும் ஓடுனதுலயே இதான்."

"சந்தோசமா சொல்லுங்கண்ணே."

அவர் கையிலிருந்த அரக்குச் சேலையை நான்காக மடித்து, எட்டாக மடித்து, உள்ளங்கையால் நீவினார்.

"உங்கய்யா எப்படி இருக்காவ?"

"நல்லாருக்காவ. ஏண்ணே?"

"காலைல போணிக்கு நிக்கும்போது போன் அடிச்சா, விரிச்ச சேலைய அப்படியே போட்டுட்டுப் போ. யாருக்கு வந்துருக்குன்னு நீயே கேட்டுக்க."

வெள்ளைச்சாமி சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான். இசக்கிமுத்து அடுத்த சேலையின் நுனியை அவன் பக்கம் நீட்டினார்.