தொட்டிக்குக் காவல் டெல்லா

“கைகழுவுற தொட்டியில மிச்சப் பாலைக் கொட்டாதே. டெல்லா பாத்தா உரிச்சுடுவா.” ஒரு செவிலி இன்னொருத்தியை இப்படி அதட்டியபோதுதான் ஊனா அந்தப் பெயரை முதலில் கேட்டாள். பன்னிரண்டு வாரம் முந்திப் பிறந்த அவளுடைய மகன் கிலியன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த இரண்டாம் நாள் அது.

டெல்லா மகிர் அந்த வார்டைத் துடைக்கிறவள். அறுபதை நெருங்குகிறாள். கிளேர் மாவட்டத்துப் பக்கம் மாடு வைத்திருக்கும் மகிர்கள் வீட்டுப் பெண்; இவள் அப்பாவும் ஊனாவின் மாமனாரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். உறவு தெரிந்த அன்றே ஊனா அவளுக்குக் ‘கண்ணு’ ஆகிவிட்டாள். அதற்காகச் சலுகை ஒன்றும் கிடையாது. முழங்கை வரை சோப்புப் போடாமல் யாரும் அவளைத் தாண்ட முடியாது. பெரிய மருத்துவரையே வாசலில் நிறுத்தி, “மோதிரத்தைக் கழட்டுங்க டாக்டர், கல்யாணம் எங்கேயும் ஓடிடாது” என்றவள். ஒரு பெட்டிக்கு ஒரு துணி. அடுத்த பெட்டிக்கு வேறு. வடிகுழாயில் பால் போனால் அங்கே குடியிருக்கிற கிருமிகளுக்கு விருந்து வைத்தது போல என்பாள்.

ஒன்பதாம் நாள் கிலியன் சாம்பல் நிறமானான். மூச்சை மறந்து மறந்து எடுத்தான். முதல் மருந்துக்கு ஒன்றும் அசையவில்லை. இரண்டாவதுக்கும் அப்படியே. ஈரத்தில் வாழும் கிருமி இது, எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் மற்ற ஆறு குழந்தைகளுக்கும் ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். தொட்டிகளின் வடிகுழாய்களைக் கழற்றினார்கள். டெல்லாவின் வாளியையும் துணிகளையும் பையில் கட்டிச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். அவள் வெறுங்கையோடு சுவரோரம் நின்றாள்.

ஊனாவின் கைப்பையில் மாதா உருவில் செய்த சிறிய பிளாஸ்டிக் புட்டி இருந்தது. பெரியம்மா அஸம்ப்டா ஊர்ப் புனிதக் கிணற்றில் பிடித்துக் கொடுத்த தண்ணீர். தினமும் ஊனா அதில் விரலை நனைத்துக் கிலியனின் நெற்றியில் சிலுவை போட்டாள். கையை நன்றாகக் கழுவிய பிறகுதான் அதைச் செய்தாள்; அதனால் தப்பாகவே தோன்றவில்லை.

கண்ணைத் துடைக்கக் காகிதம் தேடி அவள் பையைக் கவிழ்த்தபோது டெல்லா அந்தப் புட்டியைப் பார்த்துவிட்டாள். எந்தக் கிணறு என்று கேட்டாள். ஊனா சொன்னதும் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“அதுக்கு மேல மேட்டுல மேயறது என் தம்பி மாடுங்க. மழை பெஞ்சா சாணமெல்லாம் கெணத்துக்குத்தான் வடியும். மடி வீங்கினாலும் ஊசி, வீங்காட்டியும் ஊசின்னு போடறான். அங்க பொழைச்சுக் கெடக்கற கிருமி மருந்துக்குப் பயப்படாது, கண்ணு.”

“சொன்னா இனிமே என்னை உள்ளயே விடமாட்டாங்க, டெல்லா.”

“நான் எடுத்துக் குடுத்தா உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி. நீயே சொல்லு. கூட நான் வரேன். மாடு யாருதுன்னு நான் சொல்லிக்கறேன்.”

இருவரும் போய்ச் சொன்னார்கள். மருத்துவர் திட்டவில்லை, புட்டியைக் கையுறையோடு வாங்கிக்கொண்டார். ஊனா உள்ளே வருவதையும் தடுக்கவில்லை. இரண்டு நாளில் அந்தத் தண்ணீரில் அதே கிருமி வளர்ந்தது. வாளியிலும் இல்லை, தொட்டிகளிலும் இல்லை, மற்ற ஆறு குழந்தைகளிடமும் இல்லை.

இனி மிச்சம் இருப்பது ஒரே மருந்து. பழைய மருந்து, சிறுநீரகத்தைக் கெடுத்தாலும் கெடுக்கும். அது ஏறத் தொடங்கி இன்றோடு மூன்று நாள். கிலியனின் நிறம் இன்னும் திரும்பவில்லை. நாளைய இரத்தச் சோதனை வரும் வரை ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிறார்கள்.

டெல்லாவின் வேலை மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. இப்போது மணி ஐந்து. மேலங்கியை வெளியிலேயே தொங்கவிட்டு, மறுபடியும் கை கழுவிக்கொண்டு வந்து, ஊனாவின் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள். உள்ளங்கைகளை மேல்நோக்கி மடியில் வைத்திருக்கிறாள், எதன் மேலும் படாமல்.