மீன்குட்டைக்கு முதல் குடம்

அரண்மனை என்று சொன்னால் சிரிப்பீர்கள். நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் எங்கள் வெள்ளாமைக் காட்டில், எந்தக் காலத்துப் பாளையக்காரரோ கட்டிய அரண்மனையில் மிச்சம் இருந்தது ஒரு மண்சுவரும், சுற்றி ஓர் அகழியும், அதை ஒட்டி ஒரு மீன்குட்டையும்தான். அரண்மனை அடுப்புக்கு அதில்தான் மீன் வளர்த்தார்களாம். அத்தையின் கல்யாணத்தில், “குட்டை எம்பொண்ணுக்குங்க” என்று அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, சபையறியச் சொன்னாராம். சொன்னதோடு சரி, எழுதித் தரவில்லை.

அப்பாவுக்கு, பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட் போட இடம் வேண்டியிருந்தது. டிப்பர் டிப்பராக மண்ணைக் கொட்டி அகழியை மூடினார். அடுத்து குட்டையையும் மூடுவதாக இருந்தார். அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பூமி பூஜைக்கு மட்டும் வீடு தேடிப் போய் அழைத்தார். அஸ்திவாரத்துக்குத் தோண்டும் கடைக்கால் குழியில் முதல் குடம் தண்ணீரை வீட்டில் பிறந்த பெண்தான் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நல்ல வழக்கம் போங்கள்! நிலத்தில் பங்கு தர மாட்டார்கள், தண்ணீர் ஊற்ற மட்டும் பெண் வேண்டும்.

அத்தை பட்டுச்சேலை கட்டி, பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்து வந்தாள். சொந்தபந்தம் பார்த்திருக்க, குழியில் கவிழ்த்தாள். தண்ணீரோடு நாலைந்து விரால்கள் விழுந்து துள்ளின.

“ஏனுங்கண்ணா, இதுக எங்குட்டை மீனுங்க. மூடறதுன்னா இதுகளையும் சேத்து மூடிப்போடுங்க.”

அப்பாவின் முகம் செத்துவிட்டது. மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். “உசுரு துடிக்கிற குழியில கல்லு வெக்கறது ஆகாதுங்க.”

எனக்கு ஏழு வயதிருக்கும். குழிக்குள் குதித்து மீன்களைப் பாவாடையில் அள்ளினேன்.

“ஏ புள்ள, மேல வா!” என்று அப்பா கத்தினார்.

“மாட்டேன் போங்க!”

அவரிடம் நான் சொன்ன முதல் மாட்டேன் அது. சேறு சொட்டச் சொட்ட ஓடி, குட்டையில் விட்டேன். குட்டையை அப்பா மூடவில்லை; ஷெட் அகழி இருந்த இடத்தோடு நின்றது. அப்பா அதன்பிறகு அத்தையை எந்த விசேஷத்துக்கும் அழைக்கவில்லை.

அத்தைக்கு மீன்மேல் அத்தனை பாசம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு இருந்ததே அந்தக் குட்டை ஒன்றுதான் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே விளங்கியது?

போன வாரம் அண்ணன் போன் செய்தான். குட்டையை மூடி குடோன் கட்டப்போகிறானாம்.

“நீதான் வந்து மொதக் கொடம் ஊத்தோணும், கண்ணு.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அத்தையின் பித்தளைக் குடம் என்னிடம்தான் இருக்கிறது. புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன்.